கணக்கு கேட்காமல் ஒரு நாள்

அது கணக்கு இல்ல தம்பி.

தப்பா நினைக்காதீங்க. பக்கத்து சீட்டுக்காரர் போனை எட்டிப் பாக்கிறது மரியாதை இல்லைதான். ஆனா கோவில்பட்டியில ஏறினதுல இருந்து பாத்துட்டு வர்றேன், கட்டத்துக்குள்ள நம்பரைப் போடுறீங்க, அழிக்கிறீங்க, போடுறீங்க, அழிக்கிறீங்க. சுடோகுதானே? எங்க ஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியாரும் ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து இதைத்தான் செய்வாரு. முடிச்சுட்டு, "நமக்கும் கணக்கு வரும் சார்"னு என்னைப் பாத்து ஒரு சிரிப்பு வேற. நம்பர் இருந்தா கணக்கா? அப்போ லாரிக்கு நம்பர் பிளேட் எழுதுறவன்கூட கணக்குல மேதைதான்.

உங்களை ஒண்ணு கேக்கிறேன். பதினாறேழு எவ்வளவு? பாத்தீங்களா, கை போனைத் தேடுது. நூத்திப் பன்னெண்டு தம்பி, நூத்திப் பன்னெண்டு. தூக்கத்துல தட்டி எழுப்பிக் கேட்டாலும் வரணும். அதுதான் கணக்கு.

நான் குருநாதன். கோவில்பட்டியில ஒரு ஹைஸ்கூல்ல கணக்கு வாத்தியார். பயலுக எனக்கு வச்சிருக்கிற பேரு 'பதினாறாம் வாய்ப்பாடு'. முதுகுக்குப் பின்னாலதான் சொல்லுவானுக, எனக்குத் தெரியும். நான் எதுக்குக் கோவிச்சுக்கணும்? மத்த வாத்தியார்களுக்கு ஓணான், தவக்களைன்னு பேரு. எனக்கு மட்டும்தான் பாடத்துலயே பேரு.

நாகர்கோவிலுக்குத்தான் போறேன். நீங்களும் அங்கதானா, நல்லதாப் போச்சு. பொண்டாட்டியையும் பிள்ளையையும் கூட்டிட்டு வரணும். காலாண்டு லீவுக்கு அம்மா வீட்டுக்குப் போறேன்னு போனவ, தீபாவளியே முடிஞ்சு போச்சு, இன்னும் வந்தபாடில்ல. சண்டையெல்லாம் இல்ல. சண்டை போடுற குடும்பமா எங்க குடும்பம்? எல்லாம் ஒரு பேச்சு டாக்டர் பண்ணின வேலை.

டாக்டர்னு நான் சொல்றதே தப்பு. பேச வராத பிள்ளைங்களைப் பேச வைக்கிற படிப்பாம். அதுக்கு ஒரு காலேஜு, ஒரு பட்டம். தம்பி மருந்துக் கம்பெனிதானே? பையைப் பாத்தாலே தெரியுது. நீங்களே சொல்லுங்க, பேச வைக்க உங்க பையில ஒரு மாத்திரை இருக்கா, ஒரு டானிக் இருக்கா? இல்லைல்ல? மருந்தே இல்லாத சீக்குக்கு டாக்டர் எதுக்குங்கிறேன். அதைக் கேட்டா நான் கொடுமைக்காரன்.

முதல்ல இருந்து சொல்றேன், அப்பத்தான் உங்களுக்கு நியாயம் புரியும்.

என் மக பேரு எழிலரசி. எழில்னு கூப்பிடுவோம். எட்டு வயசு, மூணாங்கிளாஸ். எங்களுக்குக் கல்யாணமாகி ரொம்ப நாள் கழிச்சுப் பிறந்தவ. அவ பேசினதே தாமசம்தான். ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் ரைம்ஸ் சொல்லிட்டு ஓடுற வயசுல இவ "ம்மா", "ந்தா" ரெண்டோட நின்னுட்டா. என் பொண்டாட்டி வடிவு அப்பவே அழ ஆரம்பிச்சுட்டா. நான்தான் சொன்னேன், ஊமையாவா பிறந்துச்சு, தாமசமாப் பேசினா என்ன, பேசுறவன் எல்லாம் என்னத்தைக் கிழிச்சுட்டான்னு. பேசவும் செஞ்சா. ஆனா கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நேத்துன்னு சொல்ல வேண்டிய இடத்துல நாளைக்கும்பா. "சாப்பிட்டதுக்கு அப்புறம் கை கழுவு"ன்னா, விசுக்குனு எழுந்து போயி முதல்ல கையைக் கழுவிட்டு வந்து நிப்பா. எதாவது ஒரு சொல்லைத் தேடும்போது வாய் அப்படியே திறந்து நிக்கும். எனக்கு அது பெருசாப் படலை. பேச்சு எதுக்குத் தம்பி? கணக்கு இருந்தாப் போதும். கணக்குக்குப் பாஷை கிடையாது. இதை நான் வருஷா வருஷம் முதல் வகுப்புல போர்டுல எழுதிட்டுத்தான் பாடத்தையே ஆரம்பிப்பேன்.

அங்கதான் என் தலையில இடி விழுந்துச்சு. கணக்கு வாத்தியார் மகளுக்குக் கணக்கு வரலை.

வரலைன்னா, அதுவும் ஒரு மாதிரியா வரலை. நாப்பத்தெட்டையும் இருபத்தேழையும் மேல கீழ எழுதிக் குடுத்தா போட்டுருவா. எழுபத்தஞ்சுன்னு முத்து முத்தா எழுதுவா. "சரி, என்ன வந்துச்சு, வாயால சொல்லு"ன்னா அம்பத்தேழும்பா. கை எழுதினது ஒண்ணு, வாய் சொல்றது ஒண்ணு. சொல்லத் தெரியலைன்னா என்ன அர்த்தம்? தெரியலைன்னு அர்த்தம். பக்கத்துப் பிள்ளையைப் பாத்து எழுதியிருப்பான்னு நினைச்சேன். வீட்டுல ஏது பக்கத்துப் பிள்ளைன்னு வடிவு கேப்பா. அவளுக்கு எல்லாத்துக்கும் ஒரு எதிர்க்கேள்வி.

அப்புறம் அந்த வாழ்க்கைக் கணக்கு. அதாம் தம்பி, கதை மாதிரி எழுதியிருப்பானே. கவிதாகிட்ட ஒன்பது பென்சில் இருக்கு, அது கண்ணன்கிட்ட இருக்கிறதைவிட நாலு கூடுதல், அப்போ கண்ணன்கிட்ட எத்தனை? சொல்லுங்க பாப்போம். பதிமூணா? சரி விடுங்க, நீங்க களைச்சுப் போயி வந்திருக்கீங்க. அஞ்சு. என் மகளும் பதிமூணுதான் சொல்லுவா. ரெண்டு நம்பர் காதுல விழுந்துட்டாப் போதும், டக்குனு கூட்டிருவா. கேள்வி என்னன்னு யோசிக்கிறதே கிடையாது. சோம்பேறித்தனம், வேற என்ன?

எங்க வீட்டுல ஒரு வழக்கம் உண்டு. எங்க அப்பா காலத்துல இருந்து வர்றது. தட்டுல சோறு விழுந்ததும் ஒரு வாய்ப்பாடு சொல்லணும். சொல்லி முடிச்சுட்டுத்தான் கையை வைக்கணும். மத்த வீட்டுல சாமி கும்பிடுறாங்க, எங்க வீட்டுல வாய்ப்பாடு. விருந்தாளிப் பிள்ளைங்க வந்தாலும் அதேதான். என் தங்கச்சி பிள்ளைங்க, மச்சினன் பிள்ளைங்க, ஒருத்தனும் நம்ம வீட்டுல பன்னெண்டாம் வாய்ப்பாடு சொல்லாம ஒரு வாய் காப்பி குடிச்சது கிடையாது. இப்போல்லாம் யாரும் வர்றதில்லை. படிப்புன்னா பயம், ஓடிடுறாங்க. அந்தக் குடும்பங்க உருப்படுமா?

எழில் ஏழாம் வாய்ப்பாட்டுல மாட்டிக்கிட்டா. ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, அது வரைக்கும் ரயில் மாதிரி வரும். மூவேழுல தடம் புரண்டுரும். முப்பத்தஞ்சும்பா, பதினேழும்பா, ஒரு தடவை வெள்ளிக்கிழமைன்னுகூட சொன்னா. நான் கோவப்படவே இல்ல. முதல்ல இருந்து சொல்லுன்னேன். மறுபடி ஓரேழு ஏழு. மறுபடி முதல்ல இருந்து. தம்பி, ஒண்ணு சொல்லிடறேன், நான் என் மக மேல ஒரு நாளும் கை நீட்டினது கிடையாது. அடிக்கிறவன் வாத்தியாரே இல்ல. சோறு அங்கதானே இருக்கு, நான் என்ன பூட்டியா வச்சிருக்கேன்? சொல்லு, சாப்பிடு. இதுல என்ன கொடுமை இருக்கு?

அவ என்ன செய்வா தெரியுமா? சொல்ல மாட்டா. தலையைக் குனிஞ்சுக்கிட்டு சோத்துப் பருக்கையை ஒண்ணொண்ணா எடுத்துத் தட்டு ஓரத்துல அடுக்குவா. ஏழு ஒரு வரிசை, அதுக்குக் கீழ ஏழு, அதுக்குக் கீழ ஏழு. அடுக்கிட்டு என் முகத்தைப் பாப்பா. நான் வாய்ப்பாடு கேட்டா இவ சோத்துல விளையாடுறா! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எல்லாத்தையும் கலைச்சு விட்டுட்டு, வாயைத் திறந்து சொல்லுன்னேன். வடிவு அடுப்படி வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா.

அப்புறம்தான் கண்டுபிடிச்சேன், நான் ஸ்கூல்ல இருந்து வர்றதுக்கு முன்னாடியே வடிவு அவளுக்கு ஊட்டி விட்டுடறான்னு. எத்தனை நாளா நடக்குதோ. வயிறு நிறைஞ்ச பிள்ளை எதுக்கு வாய்ப்பாடு சொல்லும்? நீங்களே சொல்லுங்க. ஒரு வீட்டுல அப்பன் ஒரு பக்கம் இழுத்து, ஆத்தா ஒரு பக்கம் இழுத்தா பிள்ளை எங்க படிக்கும்?

ஸ்டாஃப் ரூம்ல நான் பட்ட பாடு யாருக்கும் தெரியாது. வாத்தியார் பிள்ளை மக்கு, போலீஸ்காரன் பிள்ளை திருடன்னு அந்த சுடோகு இங்கிலீஷ்காரர் என் காதுபடவே சொன்னாரு. அவரு மகன் என்ன பெருசா படிக்கிறான்? இன்ஸ்டாகிராம்ல கோழிக்கறி சமைச்சுக் காட்டுறான்.

இந்த நேரம் பாத்து எழிலோட கிளாஸ் டீச்சர் வடிவைத் தனியாக் கூப்பிட்டு, "பிள்ளைக்குக் கணக்குல குறை இருக்கிற மாதிரி எனக்குத் தெரியலை, பேச்சுலதான் எதோ இருக்கு, ஒரு தடவை காட்டுங்க"ன்னு ஓதி விட்டிருக்காங்க. அந்த டீச்சர் அக்கவுண்ட்ஸ் படிச்சாங்களோ, அறிவியல் படிச்சாங்களோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். கணக்கு வாத்தியார் நான் உயிரோட இருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். சொல்லிக் குடுக்கத் தெரியாட்டா பிள்ளைக்குப் பேச்சுல கோளாறு.

வடிவும் என்கிட்ட மூச்சு விடலை. லீவுக்குப் போறேன்னு பையைத் தூக்கிட்டுப் போனவ, போன முதல் வாரத்துலயே பிள்ளையை அந்தப் பேச்சுக்காரிகிட்டக் கொண்டு போயிட்டா. நான் போன் பண்ணினப்பத்தான், "இங்க ஒரு இடத்துல பயிற்சிக்கு விட்டிருக்கேங்க, முகமே தெளிஞ்சிருக்கு, நீங்க ஒரு தடவை வந்து பாருங்க"ன்னா. பாக்கத்தான் போனேன். சும்மா பாக்கலை, நாலு கேள்வி கேட்டுட்டு வரலாம்னு போனேன்.

பேரு ஆன்சி. சின்னப் பொண்ணு தம்பி, என்கிட்டப் பத்தாங்கிளாஸ் படிச்சுட்டுப் போன பிள்ளைங்க வயசுதான் இருக்கும். ஒரு மிஷின் கிடையாது, ஒரு சார்ட் கிடையாது. பாய் விரிச்சு உக்காந்திருக்கு. பாயில பொம்மை, பிளாஸ்டிக் தட்டு, ஒரு டப்பா நிறைய சோடா மூடி. இதுக்குப் பேரு கிளினிக்!

என் மக என்னைப் பாத்ததும் எழுந்து வரலை. வடிவு சேலைக்குப் பின்னால போயிட்டா. வெட்கம்னு நினைச்சேன்.

அந்தப் பொண்ணு பொம்மைங்களுக்குப் பந்தி போடுது. என் மக மூடியை எடுத்து எடுத்துப் பரிமாறுறா. அந்தப் பொண்ணு "போதும்"னு கையைக் காட்டுது, "இன்னும் கூட"ங்குது, "இவனுக்குக் குறைச்சல்"ங்குது. ஒவ்வொரு சொல்லுக்கும் கையால காட்டுது. அதுவும் எப்படி, காது கேக்காத வயசான ஆளுகிட்டப் பேசுற மாதிரி மெள்ள மெள்ள. என் மக எல்லாத் தட்டுலயும் சமமா வச்சுட்டு, மிச்சம் வந்ததைத் தன் மடியில போட்டுக்கிட்டா. அந்தப் பொண்ணு கை தட்டுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எட்டு வயசுப் பிள்ளை சொப்பு வச்சு விளையாடுது, அதுக்குக் கைதட்டல்.

"எழில், ஏழெட்டு எவ்வளவு?"ன்னு நான் ஒரு தட்டுத் தட்டினேன். வாயாலதான் தம்பி. பிள்ளை கையில இருந்த மூடி அப்படியே கீழே விழுந்துச்சு.

அந்தப் பொண்ணு எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பிச்சுருச்சு. "சார், அவளுக்கு அளவு தெரியுது. கூட, குறைச்ச, பங்கு போடுறது, எல்லாம் கைக்குத் தெரியுது. சொல்லுதான் அவகிட்டத் தங்க மாட்டேங்குது. வாய்ப்பாடுங்கிறது சொல் வரிசை சார். கணக்கே தெரியாத பிள்ளைகூட ராகமாச் சொல்லிரும், கணக்கு தெரிஞ்ச பிள்ளை சொல் வராம திணறும். நீங்க கணக்கைச் சோதிக்கிறதா நினைச்சுக்கிட்டு அவ பேச்சைச் சோதிக்கிறீங்க"ன்னுச்சு.

கேக்கிறவன் கேணையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்க. நான் விடலை. "ஏம்மா, நான் இத்தனை வருஷமா கணக்கு சொல்லிக் குடுக்கிறேன். கணக்குக்குப் பாஷையே கிடையாது. எவனுக்கு எந்தப் பாஷையில கேட்டாலும் ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுதான்"னேன்.

"அப்படியா சார்?"னுச்சு. சொல்லிட்டு, சட்டுனு என்னைப் பாத்து மலையாளத்துல ஒரு கணக்கு கேட்டுச்சு.

நாகர்கோவில் பக்கம்ல, அவங்களுக்கு மலையாளம் தண்ணி பட்ட பாடு. கடகடன்னு என்னமோ சொல்லுது. அதுல ஏழுன்னு ஒண்ணு காதுல விழுந்துச்சு, அஞ்சுன்னு ஒண்ணு விழுந்துச்சு. நடுவுல ஒரு மண்ணும் புரியலை. இன்னொரு தடவை கேட்டுச்சு, கொஞ்சம் சத்தமா. சத்தமாக் கேட்டாப் புரிஞ்சுருமா? எனக்கு நெத்தி வேர்த்துப் போச்சு. வடிவு வேற பாத்துக்கிட்டு இருக்கா, பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கு, கணக்கு வாத்தியார் பேசாம இருக்க முடியுமா? பன்னெண்டுன்னு சொல்லிட்டேன்.

அது தப்பாம்.

அந்தப் பொண்ணு சிரிக்கலை. டப்பாவுல இருந்து ஏழு மூடியை ஒரு வரிசையா வச்சுது, அதுக்குக் கீழ அஞ்சு மூடியை வச்சுது. வச்சுட்டு மறுபடி அதையே மலையாளத்துல கேட்டுச்சு, கையை ரெண்டு வரிசைக்கும் காட்டி. என் மக வடிவு பின்னால இருந்து மெள்ள வந்தா. மேல் வரிசையில மிச்சமா நீட்டிக்கிட்டு இருந்த ரெண்டு மூடியைத் தள்ளி, என் முழங்காலுக்குப் பக்கத்துல கொண்டு வந்து வச்சா. வச்சுட்டு என்னைப் பாத்து, "ப்பா, இது"ன்னா.

எது எதைவிட எவ்வளவு கூடுதல்னு கேட்டிருக்கு. விடை ரெண்டு. இதை மலையாளத்துல கேட்டா எவனுக்குத் தம்பி தெரியும்? புரியாத பாஷையில கேட்டுட்டு, எனக்குக் கணக்கு வரலைன்னு சொல்ல முடியுமா? அநியாயமா இல்ல? உங்களுக்குப் புரியுதுல்ல, அநியாயம்னு? எனக்குக் கணக்கு தெரியும்! கேள்விதான் புரியலை! அங்கேயே எழுந்து நின்னு இதைத்தான் கத்தினேன். "எனக்குக் கணக்கு தெரியும்மா, நீ கேக்கிற விதம்தான் சரியில்லை!"ன்னு.

அந்தப் பொண்ணு, "ஆமா சார்"னுச்சு. அவ்வளவுதான் சொல்லுச்சு. திமிரைப் பாருங்க.

உங்க பிள்ளைக்கு மட்டும் மலையாளம் எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்கிறீங்களா? அவளுக்கும் தெரியாது. மூடியைப் பாத்துச் செஞ்சா. மூடியை வச்சுக் காட்டினா நானும்தான் செஞ்சிருப்பேன்! எனக்கு மொதல்லயே மூடியை வச்சிருக்க வேண்டியதுதானே?

ஏன் தம்பி அப்படிப் பாக்கிறீங்க? சரி சரி, தண்ணி குடிங்க.

வெளியே வந்ததும், "வா, ஊருக்குப் போவோம், இந்தக் கூத்து போதும்"னேன். வடிவு வரலைன்னுட்டா. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் பேச்சைத் தாண்டாதவ. ரோட்டுல நின்னு என் முகத்தைப் பாத்து, "உங்களுக்கு வேர்த்துச்சுல்ல? அவளுக்குத் தினமும் சோத்துத் தட்டு முன்னால வேர்க்குதுங்க"ன்னா. அதுவும் இதுவும் ஒண்ணா? சம்பந்தம் சம்பந்தமில்லாம பேசுறது பொம்பளைங்களுக்குக் கைவந்த கலை. நான் கிளம்பி வந்துட்டேன். ரெண்டு நாள்ல பின்னாலேயே வருவான்னு நினைச்சேன். வரலை. லீவு முடிஞ்சுது, வரலை. அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்துல கேட்டு உக்கார வச்சிருக்கா.

ஆரல்வாய்மொழி தாண்டிட்டோமா? கரண்டு எடுக்கிற காத்தாடியா தெரியுது. இந்த டிரைவர் என்ன இப்படிப் பறக்கிறான்.

நான் தினமும் போன் பண்ணுவேன். அப்பன் கடமையை நான் விட்டதில்லை. எழில்கிட்டக் குடுன்னு சொல்லி, ஏழாம் வாய்ப்பாடு சொல்லு கண்ணுன்னு கேப்பேன். அன்பாத்தான் கேப்பேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேக்கும். அப்புறம் வடிவு குரல் வந்துரும். இப்போ ஒரு வாரமா நான் போன் பண்ணினா, பிள்ளை அடுத்த வீட்டுக்கு ஓடிருதாம்.

பொய் சொல்ல மாட்டேன் தம்பி, வீடு நல்லாவே இல்ல. ஓட்டல்ல இருந்து வாங்கிட்டு வந்து தட்டுல போட்டுட்டு உக்காருவேன். வழக்கத்தை விடக் கூடாதுல்ல? நானே பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிட்டு நானே சாப்பிடுவேன். நேத்து நடுவுல எதோ யோசனையில விட்டுப் போச்சு. முதல்ல இருந்து சொல்லுன்னு சொல்ல ஆள் இல்ல. சோத்தை மூடி வச்சுட்டு எழுந்துட்டேன். எனக்கு என் பிள்ளை வேணும் தம்பி. அவ எனக்கு வேணும்.

நேத்து வடிவே போன் பண்ணினா. வர்றோம்னுட்டா. ஆனா ஒரு நிபந்தனை. கேளுங்க இந்தக் கூத்தை. "நாளைக்கு வாங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், பிள்ளைகூட இருங்க. ஒரு கணக்கு கேக்கக் கூடாது. வாய்ப்பாடு கேக்கக் கூடாது. அவ உங்களைப் பாத்து ஓடாம இருந்தா, மறுநாள் நாங்க உங்ககூடவே பஸ் ஏறிடறோம். கேட்டுட்டீங்கன்னா, நீங்க மட்டும் ஏறிக்கோங்க, இனிமே எங்களைக் கூப்பிடாதீங்க"ங்கிறா. கட்டின புருஷனுக்குப் பரீட்சை வைக்கிறா! எனக்குப் பரீட்சை! எத்தனை ஆயிரம் பிள்ளைங்களுக்குப் பரீட்சை வச்சவன் நான்.

இதெல்லாம் ஒரு பரீட்சையா, கேக்காம இருக்க முடியாதான்னு சிரிச்சேன். இடது கையால பாஸ் பண்ணிருவேன். பஸ் ஸ்டாண்டுக்கே பிள்ளையைக் கூட்டிட்டு வந்துருவா. இறங்கினதும் பிள்ளைகிட்டப் போயி நாலு வார்த்தை பேச வேண்டியதுதான். "சாப்பிட்டியா?"ன்னு கேக்கலாம். அவ தலையை ஆட்டுவா. அப்புறம் எத்தனை இட்லின்னு... இல்ல, அது வேணாம். அது கணக்குல வந்துரும். வடிவு பிடிச்சுக்குவா.

புதுப் பள்ளிக்கூடம் எப்படி இருக்குன்னு கேக்கலாம். கிளாஸ்ல எத்தனை பேருன்னு... அதுவும் வேணாம். காலையில எத்தனை மணிக்கு... சே. இந்த வாயை என்ன பண்றது.

நீங்க ஏன் சிரிக்கிறீங்க? ஓ, சிரிக்கலையா.

பொம்மை வாங்கி வச்சிருக்கேன். பையில இருக்கு, கரடி. அதைக் குடுத்துட்டு... குடுத்துட்டு என்ன சொல்லணும்? "இந்தா கரடி"ங்கலாம். அவ வாங்கிக்குவா. அதுக்கு அப்புறம்? ஒரு நாள் முழுக்க இருக்கே தம்பி. சாயந்திரம் வரைக்கும் இருக்கே.

உங்களுக்குப் பிள்ளை இருக்குன்னீங்கள்ல? பொண்ணா? நாலு வயசா? நீங்க ஊர் ஊராச் சுத்திட்டு வீட்டுக்குப் போறீங்க, பிள்ளை வாசல்ல நிக்குது. போனதும் என்ன பேசுவீங்க? சும்மா பேசுவோம்னா? சும்மா பேசுறதுன்னா என்ன பேசுறது? எனக்கு விளங்குற மாதிரி சொல்லுங்க. மெள்ளச் சொல்லுங்க.

வடசேரி பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. அந்தா, அந்த டீக்கடைகிட்ட, நீலச் சேலை. கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா பாருங்க, அதுதான் எழில். ஒல்லியாயிட்டா. இல்ல, வளந்திருக்கா. பஸ்ஸைத்தான் பாக்கிறா.

சீக்கிரம் சொல்லுங்க தம்பி, பஸ் நிக்கப் போகுது. கணக்கு கேக்காம ஒரு பிள்ளைகிட்ட என்ன பேசுவாங்க?